‘நமக்குள்ள என்ன காசு’ன்னு கேக்குற நம்ம ஆளுங்களுக்கு, மும்பைல இருந்து ஒரு திறந்த மடல்

மும்பைல விளம்பரப் படம், குறும்படம், யூடியூப் சீரிஸ், கல்யாண வீடியோ, கம்பெனி வீடியோன்னு எடுத்துட்டு இருக்குற நம்ம தமிழ் டைரக்டர், ப்ரொட்யூசர், எடிட்டர் எல்லாருக்கும் வணக்கம்.

நான் தாராவில பொறந்து வளந்தவ, அப்பாவுக்கு ஊரு திருநெல்வேலி பக்கம், சர்ச் கொயர்ல கீபோர்ட் வாசிச்சு ஆரம்பிச்சு இப்போ சயான் கோலிவாடால ஒரு ரூம் வாடகைக்கு எடுத்து அதுலயே தூங்கி அதுலயே மியூசிக் பண்ணி ஒன்பது வருஷமா இதை மட்டுமே நம்பி பொழைச்சிட்டு இருக்கேன். உங்கள்ல பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். நிறைய பேர் வீட்ல சாப்பிட்டிருக்கேன். அந்த உரிமைலதான் எழுதுறேன்.

கேக்குறது ரெண்டே விஷயம். வேலை குடுக்குறதுக்கு முன்னாடி மாதிரிக்கு ஒரு ட்யூன், அதாவது டெமோ பண்ணச் சொன்னா அந்த டெமோவுக்கு காசு குடுங்க. வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி என்ன வேலை, எவ்வளவு காசு, எத்தனை நாளைக்கு எங்கெங்க ஓடும்னு ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்துப் போட்டுக் குடுங்க.

இதை ஏன் அந்தேரில இருக்குற பெரிய ஏஜென்சிக்கு எழுதாம உங்களுக்கு எழுதுறேன்னா, அவங்ககிட்ட லேட் ஆனாலும் ஒரு பர்ச்சேஸ் ஆர்டர் இருக்கு, ஒரு அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட் இருக்கு, ஃபோன் பண்ணி கத்துறதுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் நம்பராச்சும் இருக்கு. நம்ம ஆளுங்க ராத்திரி பதினோரு மணிக்கு ஃபோன் பண்ணி ‘தங்கச்சி, நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள முப்பது செகண்டுக்கு ஒண்ணு போட்டுக் குடும்மா, க்ளையன்ட் ஓகே பண்ணிட்டா பெருசா பண்ணிரலாம், நமக்குள்ள என்ன’ன்னு சொல்லுவீங்க. அந்த ‘நமக்குள்ள என்ன’க்கு அப்புறம் நான் எப்படி அட்வான்ஸ் கேப்பேன்? கேட்டா நான் காசுக்காரி ஆயிடுவேன், கேக்கலைன்னா அந்த மாச வாடகைக்கு அம்மாகிட்ட நிக்கணும். ரெண்டுமே எனக்கு நடந்திருக்கு.

எங்க அப்பா தாராவில லெதர் பட்டறைல கட்டிங் மாஸ்டரா இருந்தவர். புது டிசைன்ல சாம்பிள் பேக் ஒண்ணு வேணும்னு யாராச்சும் வந்தா, தோலுக்கும் கூலிக்கும் காசு வாங்கி டிராயர்ல போட்டதுக்கு அப்புறம்தான் அப்பா கத்தியை எடுப்பார். ஆர்டர் வந்தா அந்தக் காசை பில்லுல கழிச்சுக்குவாங்க, வரலைன்னா சாம்பிள் வந்தவருக்கு, கூலி அப்பாவுக்கு. வந்தவர் சொந்தக்காரரா இருந்தாலும் அதே கணக்குதான், அதுக்காக அவங்க யாரும் எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வராம இருந்ததில்ல. ஒரு பத்துக்குப் பத்து பட்டறைல இருக்குற இந்த வழக்கம் கேமரா லென்ஸுக்கு மட்டும் ஒரு நாள் வாடகை ஆயிரக்கணக்குல குடுக்குற நம்ம ஃபீல்டுல ஏன் இல்லைன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல.

டெமோன்னா சும்மா ஒரு ட்யூனை ஹம் பண்ணி வாட்ஸ்அப்ல அனுப்புறதுன்னு நினைக்கிறவங்களுக்காக, போன வருஷம் மே மாசம் நடந்த ஒண்ணை விவரமா சொல்றேன்.

ஒரு நகைக்கடை வீடியோ. ஆவணி முகூர்த்தத்துக்கு வர வேண்டியது. கூப்பிட்டவர் நம்ம அண்ணாச்சிதான், பேரு வேண்டாம். மாதிரிக்குன்னு வேற ஒரு பாட்டை ரெஃபரன்ஸா அனுப்புனார், ‘இதே மாதிரி வேணும், ஆனா இது மாதிரி இருக்கக்கூடாது’ன்னார், அது பரவாயில்ல, எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க, அதுக்கு என்ன அர்த்தம்னு இத்தனை வருஷத்துல எனக்குத் தெரியும். நாயனம் நிஜமா வேணும், கீபோர்ட்ல வர்ற நாயனம் வேண்டாம்னு அவரேதான் சொன்னார். எனக்கு சந்தோஷம். மாட்டுங்கா பக்கம் ஒரு கோயில்ல வாசிக்கிற அண்ணன் ஒருத்தரை கூப்பிட்டேன். காலை பூஜைக்கும் சாயங்கால பூஜைக்கும் நடுவுல மத்தியானம் ரெண்டு மணி நேரம்தான் அவருக்கு ஓய்வு. நாயனத்தை துணிப்பைல சுத்தி எடுத்துட்டு லோக்கல் ட்ரெயின்ல வந்து இறங்குனார்.

என் ரூமு நாயனத்துக்கு ரொம்ப சின்னது. சுவத்துல எல்லாம் பழைய மெத்தையும் ராக்வூலும் அடிச்சு வெச்சிருக்கேன், அப்படியும் அவர் ஒரு சுரம் ஊதுனா ஜன்னல் கம்பி அதிரும். நாயனத்தோட அடில விரிஞ்சிருக்குற அணசுக்கு நேரா மைக் வெச்சா சத்தம் கிழியும், அதனால சமையல் மேடைகிட்ட மைக்கைத் தள்ளி வெச்சு அவர் விரல் பக்கம் பாக்குற மாதிரி திருப்புனேன். ஃபேன் ஓடுனா மைக்ல விழும், நிறுத்தியாச்சு, மே மாசம். அவர் ஊதுற முனைல இருக்குற சீவாளியை வாயில வெச்சு ஊற வெச்சு சரி பண்ணவே பத்து நிமிஷம். அப்புறம்தான் தெரிஞ்சது அவர் நாயனத்தோட சுருதி ரெண்டரைக் கட்டை, நான் ட்ராக்கை ஒரு கட்டைல போட்டு வெச்சிருந்தேன். நாயனத்தை ட்ராக்குக்கு ஏத்த முடியாது, ட்ராக்கைத்தான் நாயனத்துக்கு ஏத்தணும். முழுசையும் மாத்துனேன், பாதி சாம்பிள் அந்த சுருதில நல்லாவே இல்ல, அதையும் மாத்துனேன். கல்யாணி ராகத்துல வாசிச்சார். மூணாவது வரி முடியுற இடத்துல ஒரு மூச்சு விட்டார், அதனால அடுத்த பிடி அரை எண்ணிக்கை தள்ளி வந்துச்சு. ‘அண்ணே, இன்னொரு டேக் போயிரலாமா’ன்னு கேட்டேன். ‘இருக்கட்டும்மா, மூச்சு விட்டாத்தான் அது நாயனம்’னார். திருப்பிப் போட்டுக் கேட்டேன். அவர் சொன்னது சரி. அந்த அரை எண்ணிக்கைலதான் அந்த ட்யூனே உக்காந்திருந்துச்சு, அதை அப்படியே விட்டு மிச்ச வாத்தியத்தையெல்லாம் அதுக்கு ஏத்த மாதிரி நகத்தி வெச்சேன்.

அவருக்கு நாலாயிரம் என் கைல இருந்து குடுத்தேன். ஸ்க்ராட்ச், அதாவது டெமோவுக்கு மட்டும் தற்காலிகமா பாடுன பொண்ணுக்கு ரெண்டாயிரம். மூணு நாள், அஞ்சு வெர்ஷன், அதுல ஒண்ணு இருபது செகண்டு கட், ஒண்ணு பத்து செகண்டு. அனுப்புனேன். ஒரு வாரம் கழிச்சு ‘க்ளையன்ட் வேற ஒருத்தரை ஃபிக்ஸ் பண்ணிட்டாங்கம்மா, அடுத்த தடவை கண்டிப்பா’ன்னு மெசேஜ். சரின்னு விட்டேன், வேலைக்கான போட்டில தோக்குறது இந்தத் தொழில்ல இருக்குறதுதான்.

நாலு மாசம் கழிச்சு ஃபேமிலி வாட்ஸ்அப் க்ரூப்ல எங்க சித்தி ஒரு வீடியோ ஃபார்வேர்ட் பண்ணாங்க, புது டிசைன் ஆரம் நல்லா இருக்குன்னு. அந்த நகைக்கடைதான். கீபோர்ட்ல வாசிச்ச நாயனம், கல்யாணி. மூணாவது வரி முடியுற இடத்துல ஒரு சின்ன இடைவெளி, அடுத்த பிடி அரை எண்ணிக்கை தள்ளி வருது. கீபோர்டுக்கு எதுக்கு மூச்சு? அந்த அண்ணன் எங்க மூச்சு விட்டாரோ அதே இடம். என் டெமோவை வேற ஒருத்தர்கிட்ட குடுத்து கம்மி காசுக்கு அப்படியே வாசிக்க வெச்சிருக்காங்க, வாசிச்ச பையனுக்கு அது யாரோட மூச்சுன்னு கூட தெரிஞ்சிருக்காது, அந்தப் பையன் மேல எனக்கு எந்தக் கோவமும் இல்ல. நான் ஃபோன் பண்ணேன். ‘ராகம்னா பொதுச்சொத்துதானம்மா’ன்னு பதில் வந்துச்சு. ராகம் பொதுதான். அந்த மெட்டு பொது இல்ல. அன்னிக்கு ராத்திரி நான் அழுதேன், அதை சொல்றதுக்கு எனக்கு வெக்கம் இல்ல.

என்கிட்ட எழுத்துல எதுவுமே இல்லாததால அதுக்கு மேல என்ன பண்றதுன்னு தெரியல. அதுக்கு அப்புறம்தான் சட்டத்தை உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன், படிச்சது உங்களுக்கும் எனக்கும் சேத்துத்தான் பயன்படும், அதனால சொல்றேன்.

நம்ம காப்பிரைட் சட்டம் 1957ஆம் வருஷத்தது. அதுல உரிமையை இன்னொருத்தருக்கு எழுதிக் குடுக்கணும்னா எழுத்துல இருக்கணும், கையெழுத்து இருக்கணும். ஃபோன்ல ‘ஓகே அண்ணே, எடுத்துக்கோங்க’ன்னு சொன்னா அது எழுதிக் குடுத்தது ஆகாது. எத்தனை வருஷத்துக்குன்னு எழுதலைன்னா அஞ்சு வருஷம்னு சட்டமே எடுத்துக்குது, எந்த எடத்துக்குன்னு எழுதலைன்னா இந்தியாவுக்கு மட்டும்னு எடுத்துக்குது. துபாய்ல இருக்குற கிளைக்கும் அதே வீடியோவை ஓட்டணும்னா பேப்பர்ல எழுதி வெச்சுக்கிறது உங்களுக்குத்தான் பாதுகாப்பு, பின்னாடி வந்து யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.

2012ல அந்தச் சட்டத்தைத் திருத்துனாங்க. ராஜ்யசபால ஜாவேத் அக்தர் அதுக்காக நின்னு பேசுனார், இந்த ஊர்ல பாட்டு எழுதிப் பொழைச்சவர், அவருக்குத் தெரியாததா. படத்துல வர்ற பாட்டு தியேட்டர்ல படத்தோட ஓடுறதைத் தவிர வேற எந்த வழில பயன்பட்டாலும் அந்த ராயல்ட்டில மியூசிக் பண்ணவருக்கும் பாட்டு எழுதுனவருக்கும் சமமான பங்கு உண்டு, அந்தப் பங்கை ‘எனக்கு வேண்டாம்’னு அவங்களே எழுதிக் குடுத்தாலும் செல்லாது. வாரிசுக்கும் வசூல் பண்ற சொசைட்டிக்கும் மட்டும்தான் அதை எழுதி வைக்கலாம். நம்ம ஆளுங்க அனுப்புற அக்ரிமென்ட்ல ‘எல்லா உரிமையும், எல்லா காலத்துக்கும், உலகம் பூராவும், ராயல்ட்டி உட்பட’ன்னு இன்னமும் ஒரு வரி வருது. எங்கயோ இருந்து காப்பி அடிச்ச பழைய ஃபார்மட். அந்த ‘ராயல்ட்டி உட்பட’ங்குறதை எடுத்துருங்க. சண்டைக்கு சொல்லல, அது அங்க இருக்குறதால உங்களுக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்ல, எங்களுக்குத்தான் மனசு விட்டுப் போகுது.

அதே பேப்பர்ல இன்னொரு வரி இருக்கும், காப்பின்னு யாராச்சும் கேஸ் போட்டா முழுப் பொறுப்பும் மியூசிக் பண்ணவருக்குன்னு. ரெஃபரன்ஸ் அனுப்பி ‘இன்னும் கொஞ்சம் கிட்ட போ, இன்னும் கொஞ்சம்’னு தள்ளுறது நீங்க, கேஸ் வந்தா நிக்கிறது நானா? நாலாவது தடவை ‘இன்னும் கிட்ட’ன்னு சொல்றப்போ அந்த வரியை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க.

காசு வர்ற நாள் விஷயம். சின்னத் தொழில் பண்றவங்களுக்கு அரசாங்கம் வெச்சிருக்குற உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன் பண்ணியிருக்கேன், ஆன்லைன்ல இலவசம்தான், நம்ம பசங்க எல்லாரும் பண்ணிக்கோங்க. 2006ல வந்த சிறு, குறு தொழில் சட்டப்படி எங்களை மாதிரி பதிவு பண்ணவங்களுக்கு வேலையை வாங்குனவர் பேசுன தேதிக்குள்ள குடுக்கணும், எப்படிப் பேசியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது, தேதியே பேசலைன்னா 15 நாள். தாண்டுனா ரிசர்வ் பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி. நான் யார்கிட்டயும் வட்டி கேட்டதில்ல, கேக்கப் போறதும் இல்ல. ‘க்ளையன்ட் எனக்குக் குடுத்ததும் உனக்குக் குடுக்குறேன்’னு எட்டு மாசம் இழுக்குறது மட்டும் வேண்டாம். லைட்மேனுக்கு அன்னிக்கு பேக்கப் ஆனதும் பேட்டா கைல குடுக்குறீங்கல்ல, அவருக்குக் குடுக்குறது ரொம்ப சரி, எனக்கும் அவரை மாதிரி ஒரு தேதி சொல்லுங்க.

இதெல்லாம் பேசுனா ஒரு பதில் வரும், ‘ரஹ்மானே ஜிங்கிள்லதான், அதான் விளம்பரப் பாட்டுலதான் ஆரம்பிச்சார்’னு. ஆமா, சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி அவர் விளம்பரத்துக்கு நிறைய பண்ணார். ஆனா அப்பா தவறுனதுக்கு அப்புறம் சின்ன வயசுலயே ரெக்கார்டிங்ல கீபோர்ட் வாசிச்சு சம்பாதிச்சு வீட்டைப் பாத்துக்கிட்டவர் அவர். அவர் பேரைச் சொல்லி சும்மா பண்ணச் சொல்றது அவருக்கே மரியாதை இல்ல.

இந்த ஊர்லயே இருந்த இன்னொருத்தரை நான் அடிக்கடி நினைச்சுப்பேன். வன்ராஜ் பாட்டியா. லண்டன் ராயல் அகாடமில படிச்சு, பாரிஸ்ல நாடியா புலாஞ்சேங்குற பேர்பெற்ற மியூசிக் டீச்சர்கிட்ட படிச்சு, பம்பாய்க்கு வந்து ஆயிரக்கணக்குல ஜிங்கிள் பண்ணவர், தேசிய விருது, 2012ல பத்மஸ்ரீ. அவர் 2019ல கைல காசே இல்லாம வயசான காலத்துல கஷ்டப்படுறார்னு பேப்பர்ல வந்துச்சு. 2021ல போயிட்டார். ஒரு தலைமுறையே சோப்பு வாங்குனதுக்கும் துணி வாங்குனதுக்கும் பின்னாடி அவர் மெட்டு இருந்திருக்கும். அந்தச் செய்தியை நான் சயான் ஸ்டேஷன் ப்ளாட்ஃபாரத்துல நின்னு மொபைல்ல படிச்சேன், ரெண்டு ட்ரெயினை விட்டுட்டேன்.

எடிட்டர்ஸுக்கு தனியா ஒரு வார்த்தை. ஒன்பது வருஷத்துல நான் பண்ண வேலையெல்லாம் தொகுத்து ஷோரீல்னு மெயில் அனுப்பி எனக்கு வந்த வேலை ஒண்ணே ஒண்ணு. மிச்சம் எல்லாம் யாரோ ஒரு எடிட்டரோ சவுண்டு இன்ஜினியரோ ‘கோலிவாடால ஒரு பொண்ணு இருக்கு, கேட்டுப் பாருங்க’ன்னு சொன்னதுல வந்ததுதான். சினிமாக்காரங்க ஆபீஸ் நிறைய இருக்குற ஆராம் நகர்ல டீ குடிச்சிட்டு பேசுன ஒரு பேச்சுல எனக்கு ஒரு வருஷ வேலை வந்திருக்கு, அந்த நன்றி எனக்கு எப்பவும் உண்டு. அதனாலதான் கேக்குறேன், டெம்ப் ட்ராக், அதாவது தற்காலிகமா இன்னொருத்தர் பாட்டைப் போட்டு முழு எடிட்டையும் முடிச்சிட்டு, டைரக்டர் அதை இருநூறு தடவை கேட்டு அது மனசுல ஒட்டிக்கிட்டதுக்கு அப்புறம் எங்களைக் கூப்பிடாதீங்க. ரஃப் கட்லயே கூப்பிடுங்க. படத்தைப் பாத்து ஒரு டெம்போ சொல்றோம், வெறும் தாளம் மட்டும் போட்டு அனுப்புறோம், அதுல கட் பண்ணிப் பாருங்க. உங்களுக்கும் வேலை கம்மி, எங்களுக்கும் இன்னொருத்தர் பாட்டோட நிழல்ல நிக்க வேண்டியதில்ல.

இப்போ சுனோன்னு பாட்டு பண்ற ஏஐ ஆப்ல ஒண்ணு போட்டு எடுத்து அனுப்பி ‘இதை மட்டும் கொஞ்சம் ஒரிஜினலா ஆக்கிக் குடு, பாதி வேலை முடிஞ்சிருச்சு’ன்னு கேக்குறது புதுசா வந்திருக்கு. பாதி வேலை முடியல. எல்லாம் ஒட்டிக் கெடக்கும், குரலைத் தனியா பிரிச்சா பின்னாடி வயலின் கரகரன்னு வரும், மிருதங்கம்னு ஒரு சத்தம் இருக்கும் ஆனா அது எந்தச் சொல்லும் சொல்லாது. அதைப் பிரிச்சு சரி பண்றதுக்கு பதிலா முதல்ல இருந்து பண்றது சீக்கிரம் முடியும். உங்களுக்கு அது போதும்னா அதையே போட்டுக்கோங்க, நான் தடுக்கல, அதைத் தூக்கிட்டு வந்து மூணுல ஒரு பங்கு காசுக்கு என்கிட்ட உயிர் குடுக்கச் சொல்லாதீங்க.

என் கணக்கை வெளிப்படையா சொல்லிடுறேன், மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. இனிமே முப்பது செகண்டு டெமோவுக்கு அஞ்சாயிரம், வாத்தியக்காரங்க வேணும்னா அவங்க கூலி தனி, அது முன்கூட்டியே. வேலை எனக்கே வந்தா அஞ்சாயிரத்தை பில்லுல கழிச்சுக்குவேன், அப்பா கழிச்ச மாதிரி. வேலை வேற ஒருத்தருக்குப் போனா டெமோ என்னோடது, அதை நீங்க பயன்படுத்தக்கூடாது, இன்னொருத்தருக்கு அனுப்பவும் கூடாது. ரெண்டு திருத்தம் சேத்தி, மூணாவதுல இருந்து தனி. ஸ்டூடண்ட் படம், காசே இல்லாம சொந்த நகையை அடகு வெச்சு எடுக்குற படம்னா வந்து சொல்லுங்க, சும்மாவே பண்ணியிருக்கேன், இன்னும் பண்ணுவேன், அப்பவும் பேப்பர் மட்டும் வேணும். இதைவிடக் கம்மியா பண்ற பசங்க இருப்பாங்க, அவங்ககிட்டயும் இதே மாதிரி டெமோவுக்கு ஏதாச்சும் குடுங்க, ரெண்டாயிரமா இருந்தாலும் சரி. மலாட்ல இருந்து மூணு ட்ரெயின் மாறி ஹார்ட் டிஸ்க்கை நெஞ்சோட பிடிச்சிட்டு வர்ற இருபத்தோரு வயசுப் பையனுக்கு அந்த ரெண்டாயிரம் என்னன்னு எனக்குத் தெரியும்.

அந்த நாயனம் அண்ணனை கோயில்ல பாக்குறப்போ எல்லாம் ‘அந்த விளம்பரம் வந்துச்சாம்மா? டிவில பாத்துட்டே இருக்கோம், பேத்திகிட்ட கூட சொல்லியிருக்கேன்’னு கேக்குறார். ‘இன்னும் வரலண்ணே’ன்னு சொல்லிட்டு வந்துடுறேன். சித்தி அனுப்புன வீடியோவை அவருக்கு நான் இன்னும் காட்டல.

அந்த வீடியோ பண்ணவங்க இதைப் படிச்சீங்கன்னா என் நம்பர் உங்ககிட்டதான் இருக்கு. என் காசை அப்புறம் பேசிக்கலாம். அவருக்கு ஒரு செஷன் ஃபீஸ் குடுங்க, அந்த கீபோர்டை எடுத்துட்டு அவர் வாசிச்சதைப் போடுங்க. ரா ஃபைல் பத்திரமா இருக்கு, ரெண்டரைக் கட்டை, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி ஸ்டெம்ஸா பிரிச்சே வெச்சிருக்கேன், கேட்ட அன்னிக்கே அனுப்புறேன்.